ஒரு தாள் கொடுத்து அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 15, உலகக் குழந்தைகள் புற்றுநோய் நாளையொட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை, கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். தலையில் புதிதாக முடி முளைத்து, பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நிற்கிற ஒரு சிறுமியின் படத்தை, முகம் தெரியாமல் பின்பக்கமாக எடுத்துப் போட்டிருந்தீர்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்பதோடு கட்டுரை முடிந்திருந்தது. அந்தக் குழந்தை நூறு வயது வாழ வேண்டும். 22 வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் வீட்டுக்குப் போனேன். அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீளமாகிவிட்டது. இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் சிகிச்சை முடிகிற குழந்தையின் கையில் கொடுக்க வேண்டிய ஒரு தாள் பற்றிக் கடைசியில் எழுதியிருப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

எனக்கு 30 வயது. ஜாபர்கான்பேட்டையில் அப்பா, அம்மா, தங்கையோடு இருக்கிறேன். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். 2001இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களில் எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். குழந்தைகளுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் அதுதான். இரண்டரை வருடம் சிகிச்சை நடந்தது. கையில் ஊசி, முதுகுத்தண்டில் ஊசி, தினமும் ராத்திரி மாத்திரை. 2004 பிப்ரவரியில் சிகிச்சை முடிந்தது. அதற்குப் பிறகு 5 வருடம் செக்கப்புக்குப் போனோம். 2009இல், "இனிமேல் வர வேண்டாம்மா, நல்லாயிருக்கா" என்றார்கள். அம்மா அன்றைக்கு வடபழனி கோயிலுக்குப் போய் அங்கப்பிரதட்சணம் செய்தார். அந்த மருத்துவமனையின் பெயரை எழுத மாட்டேன். என் உயிரைக் கொடுத்த இடம் அது. குறை சொல்லத்தான் போகிறேன், ஆனால் அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

2019 ஆடி மாதம், தள்ளுபடி நேரம். காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் ராத்திரி பத்து மணிக்குத்தான் வெளியே வருவோம். சேலைப் பிரிவில் செருப்பு போடக் கூடாது. கீழே கிரானைட் தரை, மேலே ஏசி, நாள் முழுக்க வெறுங்காலில் நிற்க வேண்டும். ஒரு நாள் வீட்டுக்கு வந்து படுத்தபோது இரண்டு பாதமும் திகுதிகுவென்று எரிந்தது. நின்ற அசதி என்று நினைத்துத் தூங்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒரு மணிக்கு எழுந்து பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, காலை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரத்தில் எரிச்சலோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கட்டைவிரலிலிருந்து கணுக்கால் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி சுரீரென்று ஒரு இழுப்பு. போர்வை உரசினால்கூடத் தாங்காது. ஆனால் பாதத்தைக் கிள்ளிப் பார்த்தால் மதமதவென்று இருக்கும், வேறு யாருடைய காலையோ தொடுவது போல. எரிகிற காலில் எப்படி உணர்ச்சி இல்லாமல் இருக்கும்? இதை யாரிடமும் ஒழுங்காகச் சொல்லக்கூட எனக்குத் தெரியவில்லை.

அம்மா மருதாணி அரைத்து இரண்டு பாதத்திலும் அப்பினார். சூடு குறையும் என்று நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார். குளிர்ச்சியாக இருந்தது, எரிச்சல் அப்படியே இருந்தது. அடுத்த வருடம் ஊரடங்கில் கடை மூடிவிட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தும் ராத்திரி எரிச்சல் நிற்கவில்லை. அப்போதுதான், நிற்பதால் மட்டும் வருகிற வலி இல்லை இது என்று எனக்குப் பயம் வந்தது.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. கால் எரிகிறது என்றதுமே முதலில் சுகர் பார்த்தார்கள். நம் ஊரில் கால் எரிச்சல் என்றால் சுகர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். சுகர் இல்லை. இன்னொருவர் முதுகுக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று பெல்ட் கொடுத்தார். அப்பா ஆட்டோவுக்கு வாங்கிய கடனோடு அந்த ஸ்கேன் கடனும் சேர்ந்தது. மூன்றாவதாகப் போன இடத்தில் எனக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு, கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். அந்த வரியை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் டைக்ளோஃபினாக் என்கிற வலி மாத்திரையை விழுங்கினேன். கால் வலி போகவில்லை, வயிறுதான் புண்ணானது.

நம் பேச்சில் நரம்பு என்றால் இரண்டு பொருள் இருக்கிறது. உணர்ச்சியைக் கொண்டுபோவதும் நரம்பு, ரத்தம் ஓடுகிற குழாயும் நரம்பு. "நரம்பு ஊசி" என்றுதானே சொல்கிறோம்? அம்மாவுக்கு அப்போதிலிருந்தே ஒரு எண்ணம். சின்ன வயதில் என் கையில் அத்தனை தடவை நரம்பு ஊசி குத்தினார்களே, அதனால்தான் நரம்பு கெட்டு இப்போது வலிக்கிறது என்று அடிக்கடி புலம்புவார். "கையிலதானே குத்தினாங்க, வலி கால்ல இல்ல இருக்கு" என்று நான் சண்டை போடுவேன். அம்மா சொன்ன காரணம் தப்பு. ஆனால் என் வலியையும் அந்த ஊசியையும் மூன்று வருடம் சேர்த்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அப்படியென்றால் அதை ஏன் டாக்டர்களிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இதில் எங்கள் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டில் கான்சர் என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. "ரத்தத்துல கொஞ்சம் கோளாறு" என்றுதான் எனக்கே சொல்லி வளர்த்தார்கள். 14 வயதில் பீரோவின் அடித்தட்டில் இருந்த ஃபைலை எடுத்து, அட்டையில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டேன் என்பதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. வெளியே சொன்னால் என் கல்யாணம் நின்றுவிடும், தங்கையின் கல்யாணமும் நின்றுவிடும் என்ற பயம் வீடு முழுக்க இருந்தது. எனக்குப் பார்த்த டாக்டர்கள் யாரும் சின்ன வயதில் என்ன நோய் வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

2022இல் ஒரு அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போனேன். விடியற்காலையில் வரிசையில் நின்று சீட்டு வாங்கி, என் முறை வரும்போது பன்னிரண்டு மணி. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருக்கும், ஒரு பெண் டாக்டர். என் காலைத் தொங்கப்போடச் சொல்லிக் கணுக்காலுக்குப் பின்னால் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் அசையவே இல்லை. இன்னொரு தடவை தட்டினார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "நடக்கும்போது செருப்பு தானா கழண்டு விழுமா?"

அந்தக் கேள்வியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் அது சின்ன வயதிலிருந்தே விழும். வார் வைத்த செருப்பு இல்லாமல் நான் வெளியே போனதில்லை. பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடும்போது நான் எழுந்து துரத்துவதற்குள் எதிரணியினர் தப்பி ஓடிவிடுவார்கள். படியில் கால் முனை தட்டித் தட்டி விழுவேன். "பராக்குப் பார்த்துக்கிட்டு நடக்காதே" என்று அம்மா திட்டுவார். ஒரு சித்திரை மாதம், கத்திரி வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றிவிட்டு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். சுட்டது எனக்குத் தெரியவே இல்லை. பக்தி என்று அம்மா பெருமைப்பட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சின்ன வயதில் பெரிய நோய் ஏதாவது வந்ததா என்று டாக்டர் கேட்டார். அம்மா தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். அந்தச் சொல்லை என் வாயால் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

அடுத்து அவர் கேட்டது: என்னென்ன மருந்து போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள், தலைக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்களா?

எங்களிடம் பதில் இல்லை. ஃபைல் 2015 டிசம்பரில் போய்விட்டது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் திறந்து அடையாறு ஊருக்குள் வந்த அந்த ராத்திரி, எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அம்மா ரேஷன் கார்டையும், எங்கள் டி.சி.க்களையும், அப்பாவின் லைசென்ஸையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு மாடி வீட்டுக்கு ஓடினார். பீரோவின் அடித்தட்டில் இருந்த ஃபைலை யாரும் நினைக்கவில்லை. நாலு நாள் கழித்து எடுத்தபோது தாளெல்லாம் களிமண்ணோடு ஒன்றாக ஒட்டிப்போயிருந்தது. சிகிச்சை எடுத்த மருத்துவமனைக்கே போய்க் கேட்டேன். அவ்வளவு பழைய பதிவுகள் இல்லை என்றார்கள். குழந்தைகள் பிரிவில், உங்களுக்கு வயதாகிவிட்டது, பெரியவர்கள் பிரிவுக்குப் போங்கள் என்றார்கள். பெரியவர்கள் பிரிவில், உங்களுக்கு இப்போது புற்றுநோய் இல்லையே, எதற்கு வந்தீர்கள் என்றார்கள். இரண்டு பேரும் நல்ல விதமாகத்தான் பேசினார்கள். உட்கார வைத்துப் பேசுவதற்கான இடம்தான் அந்த இரண்டு பிரிவிலும் எனக்கு இல்லை.

கடைசியில் கைகொடுத்தது திண்டிவனத்தில் இருக்கும் மாமாவின் மளிகைக் கடை. என் சிகிச்சைக்கு மாமாதான் கடன் கொடுத்திருந்தார். அண்ணனிடம் வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு காட்ட வேண்டும் என்று அம்மா ஒரு 80 பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி, கடைசியில் அதை மாமாவிடமே கொடுத்துவிட்டார். மாமா அதைக் கடையின் கணக்கு நோட்டுகளோடு வைத்திருந்தார். பஸ் சார்ஜ், இளநீர், ரத்தப் பரிசோதனை, ஊசி. நர்ஸ் சொன்னது காதில் விழுந்தபடி, தமிழில், "விங்கிஸ்டின் ஊசி 1". நான் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, பென்சிலால் புள்ளி வைத்து எண்ணினார். படிக்க முடிந்த வரைக்கும் 17 தடவை அந்தப் பெயர் இருந்தது.

அந்த மருந்தின் பெயர் வின்கிரிஸ்டின். நம் ஊர் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருவது. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள், வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்குமே, அதேதான். தென் மாவட்டங்களில் மருந்துக் கம்பெனிகளுக்காகவே அதைப் பயிர் செய்கிறார்கள். நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரே ஒரு கிராம் மருந்துதான் கிடைக்குமாம். 1960களிலிருந்து உலகம் முழுக்க ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள். இன்றைக்கும் அதை விட்டுவிட்டு இந்த நோய்க்கு வைத்தியம் இல்லை. அது இல்லாவிட்டால் நான் இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. புற்றுநோய் செல் இரண்டாகப் பிரிவதற்கு அந்தக் குழாய்கள் வேண்டும். வின்கிரிஸ்டின் அவற்றைக் கட்டவிடாமல் தடுக்கிறது, செல் செத்துவிடுகிறது. ஆனால் நரம்புக்கும் அதே குழாய்கள்தான் சாப்பாடு கொண்டுபோகின்றன. முதுகிலிருந்து கால்விரல் வரைக்கும் போகிற நரம்புதான் உடம்பிலேயே நீளம். மெட்ரோ வாட்டர் குழாயில் அழுத்தம் குறைந்தால் எந்த வீட்டுக்கு முதலில் தண்ணீர் வராது? தெருவின் கடைசி வீட்டுக்கு. பாதம்தான் அந்தக் கடைசி வீடு.

15 வருடம் கழித்து ஏன் வலி வந்தது என்று கேட்டேன். வலிதான் புதிது, அடி பழையது என்றார். ஆறு வயதிலேயே நரம்பு இழைகளில் ஒரு பகுதி போய்விட்டது. மிச்சம் இருந்ததை வைத்து உடம்பு ஓட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் தினமும் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற வேலை. ரத்தத்தில் பார்த்தால் பி12 வைட்டமினும் மிகக் குறைவாக இருந்தது. பி12 இல்லாவிட்டால் நல்ல நரம்பே கெடும், ஏற்கெனவே அடிபட்ட நரம்பு என்ன ஆகும்? இப்படிப்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்தாலோ, குடிப்பழக்கம் இருந்தாலோ இன்னும் மோசமாகுமாம். நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கும் சோதனையில், என் இரண்டு காலிலும் நரம்பு பலவீனமாக இருப்பது தெரிந்தது.

அந்த நரம்பியல் பிரிவில் காத்திருக்கும் கூடத்தில் எனக்குப் பழக்கமான இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 12 வயதில் எலும்புப் புற்றுநோய், சிஸ்பிளாட்டின் என்கிற புற்றுநோய் மருந்து போட்டிருக்கிறார்கள். அவருக்கு அதே எரிச்சல். ஆனால் அவருடைய நரம்புச் சோதனை நார்மல் என்று வந்துவிட்டது. அதைக் காட்டி வீட்டில் நடிப்பு என்று சொல்லிவிட்டார்களாம். அந்தச் சோதனை தடிமனான நரம்புகளைத்தான் காட்டும், எரிச்சலையும் சூட்டையும் கொண்டுபோகிற மெல்லிய நரம்புகள் அதில் தெரியாது என்று அதே டாக்டர்தான் அவருடைய வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். சிஸ்பிளாட்டின் நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு மரத்துப்போவது கூடிக்கொண்டே போகலாம் என்றும், கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கு அந்த இடத்து நரம்பைச் சுற்றித் தழும்பு இறுகி, பல வருடம் கழித்துக்கூட வலி தொடங்கலாம் என்றும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். "சோதனையில ஒண்ணும் இல்ல, அப்போ வலியும் இல்ல" என்று யாராவது சொன்னால், இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

இப்போது எனக்குப் பி12 ஊசி போடுகிறார்கள். ராத்திரிக்கு ப்ரீகாபலின். சாதாரண வலி மாத்திரை இந்த வலிக்குப் பெரிதாக வேலை செய்யாது, நரம்பை அமைதிப்படுத்தும் மருந்து வேண்டும். முதல் மாதம் பகலிலும் தலை சுற்றி, தூக்கம் தூக்கமாக வந்தது. இப்போது பழகிவிட்டது. வலி போகவில்லை. பாதியாகக் குறைந்திருக்கிறது. ராத்திரி தூங்குகிறேன், அதுவே எனக்குப் பெரிது. குளிப்பதற்கு முன்னால் வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்க்கிறேன், காலை நம்புவதில்லை. தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இந்த மாத்திரை வாங்குவதே சில நாள் ஒரு பாடு. சென்னையில் வலி மாத்திரைகளைப் போதைக்காக வாங்குகிறார்கள் என்று போலீஸ் பிடிக்கிற செய்தி உங்கள் நாளிதழிலும் அடிக்கடி வருகிறது. கண்காணிப்பு வேண்டியதுதான். ஆனால் டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற என்னை மருந்துக் கடையில் ஏற இறங்கப் பார்க்கும்போது, "உனக்கு எதுக்கும்மா இந்த மாத்திரை?" என்று மற்றவர்கள் காதில் விழுகிற மாதிரி கேட்கும்போது, கூசிப்போகிறேன். அங்கேயும் அதே சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேலையைப் பற்றியும் ஒன்று. கடைகளில் நிற்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. கூட்டம் இல்லாத நாளில் உட்காரலாம். ஆடியிலும் தீபாவளியிலும் வழியை அடைக்கிறது என்று எடுத்து அடுக்கி வைத்துவிடுவார்கள். டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டி, 2023இல் நான் பில்லிங்குக்கு மாறிக்கொண்டேன். எனக்குப் படிப்பு இருந்தது, கம்ப்யூட்டர் தெரிந்தது. சேலைப் பிரிவில் என்னோடு நின்ற மற்ற பெண்கள் இன்னும் நிற்கிறார்கள்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன்.

1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. நான் சிகிச்சை எடுத்தது அங்கே இல்லை, ஆனால் அந்த மருத்துவமனையை வளர்த்த டாக்டர் சாந்தா அம்மா 2021இல் காலமானபோது என் அம்மா சொந்தத்தில் ஒருவர் போன மாதிரி அழுதார். இவ்வளவு காலமாகக் குழந்தைகளைக் காப்பாற்றுகிற ஊரில் என்னைப் போல் பிழைத்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களில் சிலருக்கு இன்று 40, 50 வயதாகியிருக்கும். யாருக்குக் கால் எரிகிறது, யாருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, யாருக்குக் காது கேட்கவில்லை என்று யார் பார்க்கிறார்கள்? 2030க்குள் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 60 சதவீதம் பேராவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்திருக்கிறது. நல்லது. பிழைக்கிற ஆறு வயதுக் குழந்தைக்கு முன்னால் இன்னும் 60 வருடம் இருக்கிறது.

சிகிச்சை முடிகிற நாளில் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் தமிழில் ஒரே ஒரு தாள் கொடுங்கள். என்ன நோய், எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது, எந்தெந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு கொடுத்திருந்தால் உடம்பில் எந்த இடத்தில், எவ்வளவு. கீழே, வளர்ந்த பிறகு என்னென்ன வரலாம், எதற்கு எந்த டாக்டரிடம் போக வேண்டும். கால் எரிச்சல், மரத்துப்போதல், செருப்பு கழன்று விழுவது, அடிக்கடி தடுக்குவது என்று அம்மாக்களுக்குப் புரிகிற சொல்லில். தடுப்பூசி அட்டையை நாம் எவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறோம்! பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள் என்பதால்தானே? இதுவும் அப்படி ஒரு அட்டையாக இருந்தால் வெள்ளத்தன்று ரேஷன் கார்டோடு அந்தப் பைக்குள் போயிருக்கும். மருத்துவமனைக் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி இருக்கட்டும், அழிக்காமல்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. அமெரிக்காவில் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் எந்த மருந்து வாங்கியவருக்கு எதைச் சோதிக்க வேண்டும் என்று 2003லேயே நெறிமுறை எழுதி வெளியிட்டுவிட்டார்கள். வின்கிரிஸ்டின் என்றால் நரம்பைப் பார் என்று அதில் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்காகவே 1991 முதல் தனி கிளினிக் நடக்கிறது. நம் அரசுப் பொது மருத்துவமனை ஒன்றில் மாதம் ஒரு நாள், சின்ன வயதில் சிகிச்சை எடுத்துப் பெரியவர்களானவர்களுக்கு ஒரு அறை ஒதுக்கினால் போதும், நாங்கள் இரண்டு பிரிவுக்கும் நடுவில் நிற்க மாட்டோம். இன்னொன்றும் மனதில் இருக்கிறது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா பிரஷர், சுகர் எல்லாம் விசாரிக்கிறார். அதோடு, "இந்த வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் கான்சர் வந்து குணமாயிருக்கா?" என்றும் கேட்கச் சொல்லலாம். பயிற்சி வேண்டாம், கருவி வேண்டாம்.

இப்போது வார்டில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் இதைப் படித்தால், தாள் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டு வாங்குங்கள். ஊசி போடும்போதெல்லாம் பெயர் கேட்டு, காதில் விழுகிற மாதிரியே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, டாக்டருக்குப் புரியும். குழந்தைக்கு விவரம் தெரிகிற வயதில் நோயின் பெயரையும் சொல்லிவிடுங்கள். பயந்து ஊசியை நிறுத்திவிடாதீர்கள், அந்த ஊசி வேண்டும். நான் எழுதுவது அதை வேண்டாம் என்று சொல்வதற்காக இல்லை.

நேற்று ராத்திரி இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கான்சர் என்று வருகிற இடத்தையெல்லாம் எடுத்துவிடு என்றார். எடுத்துவிட்டால் என்னம்மா மிச்சம் இருக்கும் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய் அந்த நோட்டை எடுத்து வந்து, ஒரு பக்கத்தைக் காட்டி, "இங்க 'விங்கி'ன்னு மட்டும் எழுதியிருக்கேன் பாரு, இதையும் சேர்த்தா 18" என்றார். பெயர் மட்டும் போட வேண்டாம், தங்கைக்கு வரன் பார்க்கிறோம் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு ஒத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஜாபர்கான்பேட்டை, சென்னை - 83